சுயபுத்தியும் சொல்புத்தியும்: தரை கூட்டும் றோபோ எப்படி இயங்குகிறது?

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலின் ஆனித் திருவிழாக் காலத்தில் அன்னதான மண்டபத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும்: ஒரு பந்தி எழும்ப, அடுத்த பந்தி இருந்துவிடும். அப்படி இடைவிடாமல் சோறும் கறியும் இறக்கும் சமையற்கூடம் ஒன்றை மனதில் வையுங்கள். பெரிய சமையற்காரர் ஒருவர் நடுவில் நிற்கிறார். "பருப்பை இறக்கு", "மற்றக் கிடாரத்துக்கு உலை வை" என்று அவர் குரல் கொடுக்க வேலை நடக்கிறது. ஆனால் சோறு பொங்கி வழியப் போகிற நேரத்தில், அடுப்படியில் நிற்பவர் அவரைக் கேட்டுவிட்டா விறகை வெளியே இழுக்கிறார்? கண் கண்டதும் கை இழுத்துவிடும். கட்டளைப்படி நடக்கும் வேலை ஒன்று. கட்டளை எதுவாக இருந்தாலும் தானாக நடக்கும் வேலை இன்னொன்று.

தரை கூட்டும் றோபோவுக்குள் இருப்பது இப்படியொரு சமையற்கூடம். அதற்கு ஒரு யன்னலும் உண்டு. அந்த யன்னலடியில் நின்று நாம் கட்டளை கொடுக்கலாம் என்பதையும், எங்கே நாம் சொல்வது செல்லும், எங்கே செல்லாது என்பதையும் விளங்கிக்கொண்டால், மூலையில் கிடக்கும் பழைய றோபோ ஒன்று இலத்திரனியல் படிக்கும் பிள்ளைக்கு நல்ல ஆசானாகிவிடும்.

வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை, நெடுந்தீவு என்று எங்கள் யாழ்ப்பாணத் தீவுகளில் வெளிநாட்டில் உறவு இல்லாத வீடு அரிது. அங்கிருந்து வரும் பெட்டிகளில் இந்த வட்டமான றோபோவும் இருக்கக்கூடும். எங்கள் வீடுகளைக் கூட்டுவதில் அதற்குச் சிரமம் அதிகம். காலோடு வரும் மணல், உயர்ந்த வாசற்படி, நிலத்தில் விரித்த பாய் எல்லாம் அதற்குத் தொல்லை. ஆனால் உள்ளே இருப்பவற்றைப் பாருங்கள்: பற்சக்கரம் பூட்டிய இரண்டு மோட்டர்ச் சில்லுகள், சில்லு எவ்வளவு சுற்றியது என்று எண்ணும் கருவிகள், மோதலை உணரும் முன்தட்டு, பள்ளத்தைப் பார்க்கும் நான்கு கண்கள், பற்றரி, அதைச் சார்ஜ் பண்ணும் தட்டு, அந்தத் தட்டைத் தானே தேடிப் போகும் அறிவு. இவற்றைத் தனித்தனியாக வாங்கிப் பூட்டுவதென்றால், குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குக் கொண்டுபோகும் பிள்ளைக்குப் பணமும் காலமும் எவ்வளவு போகும்! இங்கே எல்லாம் ஒரே உடம்பில் பூட்டிப் பொருத்திச் சோதித்த நிலையில் கிடைக்கிறது.

நான் சொல்லப் போவது ரூம்பா என்ற வகையைப் பற்றி. இதைச் செய்யும் ஐரோபோட் நிறுவனத்தை 1990-இல் தொடங்கிய மூவரில் ஒருவர் றொட்னி புறூக்ஸ், அப்போது அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர். றோபோ ஒவ்வொரு அடி எடுத்து வைக்க முன்னரும் உலகம் முழுவதையும் படமாக்கி, யோசித்து, திட்டம் போட வேண்டும் என்றுதான் அக்காலத்தில் பலர் நினைத்தார்கள். 1986-இல் வெளிவந்த கட்டுரையொன்றில் புறூக்ஸ் வேறு வழி காட்டினார். சின்னச் சின்னப் பழக்கங்களை அடுக்கடுக்காக வையுங்கள்; ஒவ்வொன்றும் தன் கண்ணால் பார்த்துத் தன் கையால் செய்யட்டும்; எது எதை மறித்து முந்தலாம் என்பதை மட்டும் ஒழுங்கு பண்ணுங்கள் என்றார். அடுப்படிக்காரர் கேட்காமலே விறகை இழுப்பது இதுதான். 2002-இல் ரூம்பா விற்பனைக்கு வந்தபோது அதனிடம் வீட்டின் வரைபடம் எதுவும் இல்லை. முட்டினால் திரும்பு, பள்ளமென்றால் பின்வாங்கு, சுவர் கிடைத்தால் ஓரமாகப் போ. இந்தச் சுயபுத்தியை வைத்தே அது அறையைக் கூட்டி முடித்தது.

பாவித்தவர்கள் சிலர் அதன் உடம்பில் ஏழு முள் கொண்ட வட்டமான ஒரு செருகுதுளை இருப்பதைக் கண்டு நோண்டத் தொடங்கினார்கள். நிறுவனம் அதை மூடி மறைக்காமல், 2005–06 காலத்தில் அந்தத் துளையூடாக எந்த எண்ணை அனுப்பினால் என்ன நடக்கும் என்ற கையேட்டையே வெளியிட்டது. 2006-இல் ரொட் கேர்ட் என்பவர் ரூம்பாவை மாற்றியமைப்பது பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். 2007-இல் நிறுவனமே தும்பு உறிஞ்சும் பகுதியை நீக்கி, படிப்பதற்கென்று கிரியேட் என்ற றோபோவை விற்றது. 2014-இல் கிரியேட் 2 வந்தது. ஒரு வியாபார நிறுவனம் தன் பொருளின் கதவை இப்படித் திறந்து வைத்தது பெரிய காரியம் என்பேன். இன்று பல்கலைக்கழகங்களில் றோபோவியல் படித்தவர்களில் எத்தனையோ பேர் முதலில் தொட்டது இந்த வட்டத்தைத்தான்.

இந்தத் துளைதான் நான் சொன்ன யன்னல். 500, 600, 700, 800 வரிசை ரூம்பாக்களில் பெரும்பாலும் மேல் மூடியைக் கழற்றினால் தெரியும். ஏழு முள்ளில் இரண்டு பற்றரியின் நேர்முனை, இரண்டு மறைமுனை. ஒன்று நாங்கள் பேசுவதை அது கேட்க, ஒன்று அது பேசுவதை நாங்கள் கேட்க. மிஞ்சிய ஒன்று தூங்கும் றோபோவைத் தட்டி எழுப்ப. அர்டுயினோ, ஈஎஸ்பி32, ராஸ்பெரி பை போன்ற சிறு கணினிப் பலகை எதையும் இந்தப் பக்கம் வைக்கலாம்.

யன்னலடியில் பேசும் பாஷை எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. வேகம் செக்கனுக்கு 115,200 துடிப்பு. உங்கள் பலகை இதே வேகத்தில் பேசாவிட்டால் உள்ளே இருப்பவருக்கு ஒரு சொல்லும் விளங்காது. விளங்கவில்லை என்று திருப்பிச் சொல்லவும் மாட்டார். முதலில் 128 அனுப்ப வேண்டும்: யன்னலைத் திறக்கச் சொல்வது. அடுத்து 131: பொறுப்பை என்னிடம் தா, ஆனால் அடுப்படிக்காரர் தன் இடத்தில் நிற்கட்டும் என்பது. அதன்பின் 137, 0, 200, 128, 0 என்று ஐந்து எண்களை அனுப்பினால் றோபோ நேராக ஓடத் தொடங்கும்.

இந்த ஐந்தையும் பிரித்துப் பார்ப்போம், ஏனென்றால் படிப்பெல்லாம் இதற்குள்தான் இருக்கிறது. 137 என்றால் ஓடு. எவ்வளவு வேகம், எந்த வளைவு என்பதை அடுத்த நான்கும் சொல்லும். 255-க்கு மேற்பட்ட எண்ணை ஒரே தடவையில் சொல்ல முடியாததால் இரண்டிரண்டாகச் சொல்கிறோம். முதலாவதை 256-ஆல் பெருக்கி இரண்டாவதைக் கூட்ட வேண்டும். 0, 200 என்பது 200, அதாவது செக்கனுக்கு 200 மில்லிமீற்றர். உச்ச வேகம் 500. அடுத்த 128, 0 என்பது 32,768. வளைவில்லாமல் நேரே போ என்பதற்கு வைத்த சிறப்பு எண். பின்பக்கம் ஓட வேண்டுமென்றால்? கழித்தல் குறிக்கு இங்கே இடமில்லை. 65,536-இலிருந்து 200-ஐக் கழித்தால் 65,336. அதை இரண்டாகப் பிரித்தால் 255, 56. வேக எண்களாக இவற்றைக் கொடுத்தால் றோபோ பின்வாங்கும். உயர்தரத்தில் இரண்டின் நிரப்பி என்று கரும்பலகையில் படித்த கணக்கு இங்கே கண்முன்னே சில்லைத் திருப்புகிறது. இதைப் பார்த்த பிள்ளை அந்தக் கணக்கை மறக்காது.

இனி, நம் வீடுகளுக்கு மிக முக்கியமான இடம். 131-க்குப் பதிலாக 132 அனுப்பினால் முழுப் பொறுப்பும் உங்களுக்கு வரும். அடுப்படிக்காரர் உட்பட எல்லோரையும் ஒதுங்கச் சொல்லிவிட்டு, சமையற்கூடத்தின் திறப்பை வாங்கிக்கொள்வது அது. சோறு பொங்கினாலும் நீங்கள் சொல்லாமல் ஒருவரும் விறகை இழுக்க மாட்டார்கள்.

எங்கள் பழைய நாற்சார் வீடுகளில் நடுவே திறந்த முற்றம் தாழ்ந்து கிடக்கும். சுற்றிவர விறாந்தை. விறாந்தையில் முன்னோக்கி ஓடும் றோபோ, 131 நிலையில், முற்றத்து விளிம்பு கண்ணிற் பட்டதும் நீங்கள் என்ன கட்டளை கொடுத்திருந்தாலும் நின்றுவிடும். உங்களிடமிருந்து பொறுப்பையும் பறித்துக்கொள்ளும். திரும்பவும் 131 அனுப்பித்தான் ஓட்டலாம். 132 நிலையில் அது நேரே முற்றத்துக்குள் விழும். பள்ளம் பார்க்கும் கண்கள் அப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். பார்த்ததை வைத்து ஏதும் செய்யும் உரிமை மட்டும் உங்களிடம் வந்துவிட்டது. எனவே பழகும் காலம் முழுவதும் 131 போதும். ஆனால் 131-இலோ 132-இலோ விட்டுவிட்டுப் போனால் றோபோ தூங்கவே தூங்காது. பற்றரி அடிமட்டம் வரை வடிந்து பழுதாகலாம்.

131-ஐப் பற்றி ஒரு தப்பெண்ணமும் உண்டு. பாதுகாப்பு நிலை என்றதும் சுவரில் முட்டினாலும் தானாக நிற்கும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். நிற்காது. பள்ளம், தரையை விட்டுச் சில்லு தொங்குதல், சார்ஜர் வயரைச் செருகுதல் ஆகியவைதான் அதன் கணக்கில் ஆபத்து. முட்டலைக் கவனிப்பது உங்கள் வேலை. 142, 7 என்று அனுப்பினால் ஓர் எண் திரும்பி வரும்: 1 என்றால் வலப்பக்க முட்டல், 2 என்றால் இடப்பக்கம், 3 என்றால் நேர்முன்னே. 0 என்றால் வழி திறந்திருக்கிறது. உள்ளே இந்தச் செய்தி 15 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. இதைத் திரும்பத் திரும்பக் கேட்டு, 0 அல்லாத எண் வந்தால் நிறுத்து, பின்வாங்கு, திரும்பு என்று எழுதுவதே முதலாவது நல்ல பயிற்சி. புறூக்ஸ் சொன்ன பழக்கங்களில் ஒன்றை நீங்கள் வெளியே நின்று திரும்பக் கட்டுகிறீர்கள்.

ஓடு என்ற கட்டளைக்குக் கால எல்லை கிடையாது என்பதும் நினைவில் இருக்கட்டும். உங்கள் நிரல் நடுவில் உறைந்துபோனாலும் கடைசியாகச் சொன்ன வேகத்தில் றோபோ ஓடிக்கொண்டேயிருக்கும். போனிலிருந்து ஓட்டுவதென்றால், அரைச் செக்கன் அளவுக்குச் செய்தி வராவிட்டால் 137, 0, 0, 0, 0 அனுப்பி நிறுத்தும் பகுதியை முதலில் எழுதிவிட்டு மற்றதை எழுதுங்கள். சில்லு தரையில் படாமல் மேசையில் தூக்கி வைத்துச் சோதிக்கலாம் என்று தோன்றும். தொங்கும் சில்லைக் கண்டதும் 131 நிலை கலைந்துவிடுவதால், குறை நிரலில் என்று தேடிக் களைத்துப் போவீர்கள். தரையில் வைத்தே சோதியுங்கள்.

எங்கள் தரைக்கும் வெயிலுக்கும் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும். பள்ளம் பார்க்கும் கண் கீழ்நோக்கி அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, திரும்பி வருகிறதா என்று பார்க்கிறது. வராவிட்டால் பள்ளம். கருமை பூசிய சீமெந்துத் தரையும் கறுப்புக் கம்பளமும் அந்த ஒளியை விழுங்கிவிடுவதால் அங்கே பள்ளம் இருப்பதாகவே அது எண்ணும். விறாந்தையில் விழும் நேர்வெயிலும் அகச்சிவப்பு நிறைந்தது. அதுவும் கண்ணைக் குழப்பக்கூடும். வெவ்வேறு தரையில் வைத்து அந்தக் கண் தரும் எண்களை எழுதிப் பாருங்கள். பள்ளிக்கூட விஞ்ஞானப் போட்டிக்கு அதுவே நல்ல ஒரு செயற்றிட்டம்.

மின் இணைப்பில் அவசரம் கூடாது. நேர்முனை முட்களில் வருவது பற்றரியின் அழுத்தம் அப்படியே. பழைய நிக்கல் பற்றரியில் 1.2 வோல்ட் கலங்கள் 12 சேர்ந்து 14.4 வோல்ட், சார்ஜ் ஏறும்போது இன்னும் கூடும். 5 வோல்ட் கேட்கும் பலகைக்கு இதை நேரே கொடுத்தால் பலகை அந்தக் கணமே போய்விடும். நடுவில் அழுத்தம் குறைக்கும் சிறு பலகை ஒன்று வேண்டும். பேசும் முட்கள் 5 வோல்ட்டில் இயங்குவன. ஈஎஸ்பி32, ராஸ்பெரி பை இரண்டும் 3.3 வோல்ட்டைத்தான் தாங்கும். றோபோ பேசும் வயரில் இரண்டு தடைகளைப் போட்டு அழுத்தத்தைப் பிரித்துவிடுங்கள். அந்தத் துளை கொடுக்கும் மின்னோட்டமும் கொஞ்சந்தான். ராஸ்பெரி பை, கமரா என்று பெரிதாக ஏற்றுவதென்றால் அவற்றுக்குத் தனிப் பற்றரி வைப்பதே நல்லது. பந்திக்கு எடுத்துக் கொடுக்கும் யன்னலால் கிடாரத்தையே வெளியே எடுக்க முடியாது.

பாதையை அளக்கும் பகுதிதான் எனக்கு மிகப் பிடித்தது. சில்லின் விட்டம் 72 மில்லிமீற்றர். ஒரு சுற்றுக்கு 508.8 எண்ணிக்கை. கணக்குப் போட்டால் ஓர் எண்ணிக்கைக்குச் சுமார் 0.44 மில்லிமீற்றர். இரு சில்லுகளுக்கும் இடையே 235 மில்லிமீற்றர். நின்ற இடத்திலேயே செங்கோணமாகத் திரும்ப, ஒரு சில்லு முன்னும் மற்றது பின்னுமாக ஒவ்வொன்றும் 415 எண்ணிக்கையளவு சுற்ற வேண்டும். இது தாளில் வரும் விடை. தரையில் செய்து பார்த்தால் மணலில் சில்லு வழுக்கும். எத்தனை அகப்பை போட்டேன் என்று எண்ணியவருக்கு இலைக்கு வெளியே சிந்தியது தெரியாததைப் போல, சில்லை எண்ணுபவருக்கு வழுக்கியது தெரியாது. நூற்றுக்கு ஒரு பங்கு பிழையென்றாலும் திருப்பம் கிட்டத்தட்ட ஒரு பாகை விலகும். ஐந்து மீற்றர் போவதற்குள் எட்டுச் சென்ரிமீற்றர் பக்கம் தள்ளிவிடும். எண்ணிக்கையை மட்டும் நம்பினால் ஏன் வழி தவறும், புதிய றோபோக்கள் லேசர் சுழற்றிச் சுவர்களை அளந்து வரைபடம் போடுவது ஏன் என்பது இந்தத் தவறைக் கண்ணால் கண்ட பிள்ளைக்கு விளங்கிவிடும்.

எங்கள் தீவுகளுக்கே பொருத்தமான ஒரு செயற்றிட்டம் சொல்கிறேன். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் நாட்டின் பொது மின்வலையிலிருந்து விலகி, டீசல் இயந்திரங்களை நம்பியிருந்த இடங்கள். இவற்றுக்கென்று 530 கிலோவாற் காற்றாலை, 1,700 கிலோவாற் சூரிய மின், 2,400 கிலோவாற்-மணி பற்றரி, துணைக்கு 2,500 கிலோவாற் டீசல் என்ற கலப்புத் திட்டத்துக்கு இந்திய நன்கொடையில் 2024 மார்ச் 1-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. வெயில் இருக்கும்போது மின்சாரத்தைப் பாவிப்பதும், இல்லாதபோது பொறுத்திருப்பதும் இங்கே பழக வேண்டிய பழக்கம். றோபோவிடம் அதைப் பழக்கலாம். 142, 25 என்று கேட்டால் பற்றரியில் எவ்வளவு மிச்சம் என்று சொல்லும். 143 என்றால் சார்ஜ் தட்டைத் தேடிப் போகும். பலகையில் ஒரு மணிக்கூடும் ஒளி உணரியும் வைத்து, வெயில் உச்சத்தில் மட்டும் 143 அனுப்பும்படி எழுதுங்கள். 14.4 வோல்ட், 3 அம்பியர்-மணிப் பற்றரி முழுதாகத் தாங்குவது ஏறத்தாழ 43 வாற்-மணி. சின்னத் தொகைதான். ஆனால் ஒரு தீவின் மின்நிலையம் எந்த நேரம் எதைச் சேமிக்கிறது, எதைச் செலவிடுகிறது என்று முடிவெடுக்கும் அதே கேள்வியைப் பிள்ளை இங்கே கையளவில் தீர்த்துப் பார்க்கிறது.

புதிய றோபோக்கள் பலவற்றில் இந்த யன்னல் இல்லை. அடுப்படிக்குச் சொல்ல வேண்டியதைத் தூர தேசத்துக் காரியாலயம் ஒன்றுக்குப் போனில் சொல்லி, அவர்கள் திரும்பச் சமையற்காரருக்குச் சொல்லும் ஏற்பாடு அது. சிக்னல் விழுந்தால் பேச்சு நிற்கும். காரியாலயம் மூடினால்? நியேற்றோ என்ற நிறுவனம் 2023-இல் மூடப்பட்டது. பின்னர் அதன் இணையச் சேவையும் நிற்க, போன் வழியே அந்த றோபோக்களை ஓட்டியவர்களுக்குப் பொத்தானை அமத்துவதைத் தவிர வழியில்லாமற் போனது. இந்தப் பிடியிலிருந்து விடுபடும் வழியையும் சிலர் தேடினார்கள். 2017 டிசெம்பரில் ஜேர்மனியின் லைப்சிக் நகரில் நடந்த மாநாட்டில் டென்னிஸ் கீஸ, டானியல் வெகெமர் என்ற இரு ஆய்வாளர்கள் சியோமி றோபோவின் பூட்டைத் திறந்து காட்டினார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்த கருவிகளில் ஒன்று சமையலறை அலுமினியத் தாள்! அதைச் சிப்பின் விளிம்புக்குள் செருகி, தொடக்கத்தில் அது வேறு வழியால் விழிக்கும்படி செய்தார்கள். உள்ளே ஓடியது உபுண்டு லினக்ஸ். தூர தேசத்துக் காரியாலயம் இல்லாமலே வீட்டுக்குள் றோபோவை ஆளும் வலெற்றூடோ என்ற இலவச மென்பொருளும் பின்னர் வளர்ந்தது. ஆனால் அது கைதேர்ந்தவர்களுக்கான வேலை. தொடங்கும் பிள்ளைக்கு ஏழு முள் யன்னல் உள்ள பழைய ரூம்பாதான் சரி.

ஆகவே வெளிநாட்டில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பழைய ரூம்பா கூட்டுவதை நிறுத்திவிட்டது என்று குப்பையில் போட வேண்டாம். உறிஞ்சும் மோட்டரும் தும்புக்கட்டையும் பழுதென்றாலும் சில்லுகள் சுழன்றால் போதும். சார்ஜ் தட்டையும் சார்ஜரையும் சேர்த்தே அனுப்புங்கள். தட்டில்லாத றோபோவுக்குப் பாதி மதிப்புத்தான். கனடா, அமெரிக்காவிலிருந்து வருவதென்றால் சார்ஜரில் எழுதியிருப்பதை வாசியுங்கள். 100–240 வோல்ட் என்றிருந்தால் இங்கே செருகலாம். 120 மட்டும் என்றிருந்தால் எங்கள் 230 வோல்ட்டில் எரிந்துவிடும். லித்தியம் பற்றரிகளை விமானத் தபாலில் அனுப்புவதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு, முதலில் விசாரியுங்கள். இங்கே பெற்றுக்கொள்பவர்கள் சார்ஜ் ஏறும் இரு உலோகத் தகடுகளை அடிக்கடி துடையுங்கள், உப்புக்காற்று அவற்றைத்தான் முதலில் தின்னும். வந்த றோபோவை உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் தொழினுட்ப ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுக்கும்போது 128, 131, 137 என்ற மூன்று எண்களையும் ஒரு கடதாசியில் எழுதி அதன் முதுகில் ஒட்டிவிடுங்கள்.